கூடுதலாக ஒரு நகல்

என் மேசை இழுப்பறையில் ஒரு தாள் இருக்கிறது. யாரிடம் காட்டினாலும் முதலில் அதை ஊதுகிறார்கள். இடது ஓரத்தில், மேலிருந்து நாலு விரற்கடை தள்ளி, மயிரிழை போல ஒரு கோடு சாய்வாக இறங்கி, முடியும் இடத்தில் கொண்டை ஊசி வளைவு மாதிரி சின்னதாகத் திரும்பும். தலைமுடி ஒட்டியிருக்கிறது என்று ஊதுவார்கள், போகாது. நகத்தால் சுரண்டுவார்கள், அப்போதும் போகாது. மலைமேல் செம்மேட்டில் பேருந்து நிலையத்துக்கு எதிரே என் கடையில் பதினோரு வருடம் ஓடிய ஜெராக்ஸ் மெஷினின் கண்ணாடியில் விழுந்த கீறல் அது. விழுந்த நாளிலிருந்து அந்த மெஷினில் போட்ட ஒவ்வொரு தாளிலும் அது இருந்தது. மலையில் எத்தனை வீடுகளில் சாமி படத்துக்குப் பின்னாலும், தகரப் பெட்டிகளிலும், அரிசிப் பானைக்குள் பிளாஸ்டிக் பையில் சுற்றியும் அந்தக் கோடு கிடக்கிறதோ தெரியாது. ரேஷன் அட்டை நகலில், சாதிச் சான்றிதழ் நகலில், பட்டா நகலில், இறந்தவர்களின் புகைப்படத்தைப் பெரிதாக்கிய நகலில் கன்னத்தின் குறுக்கே. அதை என் கையெழுத்து என்று கொஞ்சம் பெருமையாகக்கூட நினைத்திருந்தேன். ஒருநாள் அதைக் கைரேகையாக எடுத்துப் போக ஆட்கள் வருவார்கள் என்று அப்போது தெரியாது.

நான் மலைக்காரன் இல்லை. அடிவாரத்து ஊர். அத்தா மிளகும் கடுக்காயும் வாங்க மலையேறியவர். நான் காகிதத்தோடு ஏறினேன், அவ்வளவுதான் வித்தியாசம். காரவள்ளியிலிருந்து காலை முதல் பேருந்து, எழுபது வளைவு, ஜன்னலோரத்தில் வாந்தி எடுக்கும் ஒரு குழந்தை, மேலே போய்ச் சேரும்போது சட்டையெல்லாம் பனி. கடை ஆறடிக்கு எட்டடி. ஜெராக்ஸ், லேமினேஷன், ரீசார்ஜ், சிம் கார்டு. மலையில் எல்லோருக்கும் நான் ‘பாய்’. என் பெயர் தெரிந்தவர்கள் இருவர்தான் இருந்தார்கள் என்று நினைக்கிறேன். ஒருவர் கட்டடத்தின் உரிமையாளர். இன்னொருவர் மப்டி ஏட்டையா.

ஏட்டையாவுக்கு முன்னால் கீறலைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். மலையில் சில ஊர்கள் சேர்ந்தால் அதை நாடு என்பார்கள். வாழவந்தி நாட்டில் எட்டுப் பெண்கள் சேர்ந்து ஒரு மகளிர் குழு வைத்திருந்தார்கள். குழுத் தலைவி அக்காவுக்கு அப்போது நாற்பது வயதிருக்கும். மரவள்ளியும் கொஞ்சம் மிளகும் அவள் விவசாயம். கடைக்குள் நுழையும்போதே குரல் முன்னால் வரும். ஒருநாள் மற்ற ஏழு பேரையும் கூட்டிக்கொண்டு வந்து நின்றாள். ஆண்களெல்லாம் கேரளத்து மிளகுத் தோட்டங்களில் கூலிக்குப் போயிருந்தார்கள். பேச ஆளுக்கொரு போன் வேண்டும், சிம் வேண்டும். கைரேகை வைத்து சிம் வாங்கும் காலத்துக்கு முந்தைய சங்கதி. ஓர் அடையாள அட்டையின் நகல் போதும். ஆனால் மற்ற ஏழு பேரின் அட்டைகளும் பெயர்த் திருத்தத்துக்காக ஆபீசில் கிடந்தன. கொடுத்து ஒரு வருடம் ஆகியிருந்தது.

“அக்கா அட்டைலயே எட்டையும் போட்டுரலாங்க. பேசறதுக்குப் பேரா முக்கியம்?” என்று சொன்னது நான். விற்பனை செய்கிற அவசரம். அவளும் சிரித்தபடி ரேஷன் அட்டையை எடுத்து, “போடு பாயி. எட்டு ஊட்டுப் பேச்சும் எம் பேர்ல போவட்டும்” என்று கண்ணாடி மேல் வைத்து, நேராக இல்லையென்று தானே இழுத்தாள். அட்டையில் துருப்பிடித்த பின் ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது. அதில் மலை மண்ணின் ஒரு பொடிக் கல் சிக்கியிருந்திருக்க வேண்டும். கிர்ரென்று ஒரு சத்தம். நான் பல்லைக் கடித்தேன். அவள் கவனிக்கவில்லை.

அவர்கள் ஊரில் அப்போது டவர் எட்டாது. ஊருக்கு மேலே ஒரு பாறை. அதன் மேல் ஏறி நின்றால் மட்டும் இரண்டு கோடு சிக்னல் விழும். வேலை முடிந்து சாயங்காலம் எட்டுப் பெண்களும் அங்கே போய்விடுவார்கள். ஒருத்தி பேசும்போது மற்றவர்கள் முதுகைக் காட்டிக்கொண்டு கொஞ்சம் தள்ளி உட்கார வேண்டும் என்று அவர்களாகவே ஒரு முறை வைத்திருந்தார்கள். இரண்டு முறை அந்தப் பாறைக்குப் போயிருக்கிறேன். எட்டு முதுகுகளும், எதிரே பள்ளத்தாக்கில் இறங்கும் மேகமும், ஒருத்தி மட்டும் காற்றைப் பார்த்து, “சாப்டியா சாமி? காச்சல் உட்டுருச்சா?” என்று கத்துவதும். பேச்சு முடிந்ததும் பேட்டரி மிஞ்சட்டும் என்று அணைத்து மடியில் வைத்துக்கொள்வார்கள். அடுத்த நாள் சாயங்காலம்தான் மறுபடி உயிர் வரும். பக்கத்தில் இருப்பவள் காதைத் திருப்பிக்கொள்கிற அந்த மரியாதையை அதற்குப் பிறகு வேறெங்கும் பார்க்கவில்லை.

ஏட்டையா உளவுப் பிரிவைச் சேர்ந்தவர். சீருடை கிடையாது. மஞ்சள் பை, குடை, மடித்த கைகளோடு வெளிர் நீலச் சட்டை. சந்தை நாளில் பேருந்திலிருந்து இறங்குவார். அவர் யாரென்று யாருக்கும் தெரியக்கூடாது என்பது அரசாங்கத்தின் ஏற்பாடு. டீக்கடைக்காரர் அவரைத் தூரத்தில் பார்த்ததுமே, “மப்டிக்கு சக்கரை கம்மியா ஒன்னு” என்று சத்தமாகச் சொல்வார். என் கடைக்கு அவர் முதலில் வந்த நாளன்று ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். மிரட்டவில்லை. என் பெயரைச் சொன்னார். எங்கள் தெருவின் பெயர், தெருவில் எத்தனையாவது வீடு, என் அண்ணன் வளைகுடாவில் வேலை பார்க்கும் கம்பெனி, அவன் போன ரமலானுக்கு எத்தனை நாள் விடுமுறையில் வந்தான் என்பதுவரை, உறவுக்காரர் குசலம் விசாரிப்பது போலச் சொல்லிக்கொண்டே போனார். பிறகு டீயைக் குடித்துவிட்டுச் சொன்னார்: “மனு கினு ஜெராக்ஸ் போட வந்தாங்கன்னா ஒன்னு கூடப் போட்டு வைங்க பாய். நாட்டுப் பாதுகாப்புக்குத்தான். வேற ஒன்னுமில்லீங்க.”

வேற ஒன்னுமில்லீங்க. அந்தச் சொல்லுக்குள் எங்கள் தெரு முழுவதும் இருந்தது. எங்கள் தெருமுனையில் தெரியாத வண்டி ஒன்று அரைமணி நேரம் நின்றால் வீட்டுக்குள் பேச்சுக் குறையும். அப்படி வளர்ந்தவன் நான். சரிங்க என்றேன். மேசைக்கடியில் ஏ-4 தாள் வந்த அட்டைப்பெட்டி ஒன்று இருந்தது. அதை அவருக்கென்று ஒதுக்கினேன்.

அந்த வருடம்தான் வாழவந்தி நாட்டு வயல் வரப்புகளில் சிவப்புப் பெயிண்ட் அடித்த கற்கள் முளைத்தன. யார் நட்டார்கள், எதற்கு நட்டார்கள் என்று எந்த ஆபீசிலும் பதில் இல்லை. சுரங்கம் என்றார்கள் சிலர், சொகுசு விடுதி என்றார்கள் சிலர். கேட்டு மனு எழுதினார்கள். ஒவ்வொரு மனுவுக்கும் நாலு நகல், ஐந்து நகல். எனக்கு விரல் பழகிவிட்டது. நாலு கேட்டால் ஐந்தை அமுக்கும். கடைசியாக வருகிற தாளை இடது கை வாங்கி, பேச்சை நிறுத்தாமலே, மேசைக்கடியில் விடும். எதிரே நிற்பவர்கள் பார்க்கமாட்டார்கள். இரண்டு வருடம்.

சந்தை நாளில் ஏட்டையா வந்து பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு படிப்பார். இங்கேதான் எனக்கு மனிதரைப் புரியாமல் போகும். வெறும் ரீஃபிலை, பேனாக் கூடு இல்லாமல், பிடித்துக்கொண்டு திருத்துவார். “பாருங்க பாய், பெறுநர் போடாம எழுதியிருக்காங்க. இதைக் கையில வாங்குனதும் கீழ போட்டுருவான். மறுக்கா எழுதச் சொல்லுங்க. சர்வே நம்பரும் போடச் சொல்லுங்க.” நான் சொல்வேன். அவர்களும் திருத்தி எழுதி வருவார்கள். உளவு பார்க்க வந்தவரே ஒழுங்காக எழுதக் கற்றுக்கொடுக்கிறார் என்றால் அது கருணையா, மீன் கொழுக்கட்டும் என்று காத்திருப்பதா? ஒவ்வொரு சந்தை நாளும் இதையே நினைப்பேன். அவர் சிரிக்கும்போதும் சந்தேகம், சிரிக்காதபோதும் சந்தேகம்.

மலைக்காரர்களுக்கு அந்தச் சந்தேகம் வரவில்லை. அங்கே ஊர்க்கூட்டம் என்றால் எல்லா வீட்டுக்கும் சொல்ல வேண்டும். சொல்லாமல் விட்டால் குற்றம். ஏட்டையா மாதம் நாலு முறை வந்துபோகிறவர், அவருக்கும் சொன்னார்கள். கல் நட்டதைப் பற்றிப் பேசக் கூடிய கூட்டத்தில் அவர் முன் வரிசையில் உட்கார்ந்து பெயர்களைக் குறித்துக்கொண்டார். ஒரு கிழவர் எழுந்து சண்டை பிடித்தாராம்: “ஏனுங்க, அவம் பேரெல்லாம் எழுதுனீங்க, எம் பேர உட்டுட்டீங்க? நானும் கெழக்காடு மூணு ஏக்கரா வெச்சிருக்கறனுங்க.” அக்கா என் கடையில் அதை நடித்துக் காட்டினாள். அப்போது ஸ்டூலில் ஏட்டையாவும் இருந்தார்.

“எதுக்குங்க இத்தன பேரு எழுதறீங்க?” என்று அவரையே கேட்டாள்.

“நாட்டுப் பாதுகாப்புக்கும்மா.”

“எந்த நாட்டுக்கு? வாழவந்தி நாட்டுக்குங்களா?”

ஏட்டையா டீயைத் துப்பிவிட்டார். மூவரும் சிரித்தோம். அன்று அவள் கொண்டுவந்த அவித்த மரவள்ளியில் பாதி அவருடைய மஞ்சள் பைக்குள் போனது. என் காலுக்கடியில் பெட்டி இருந்தது. அதில் அன்று காலை அவள் போட்ட மனுவின் கூடுதல் நகலும் இருந்தது. நான்தான் மற்ற இருவரையும்விடச் சத்தமாகச் சிரித்தேன் என்று ஞாபகம்.

பிறகு ஒரு சந்தை நாளில் அவர் டீ வேண்டாம் என்றார். ஷட்டரைப் பாதி இறக்கச் சொன்னார். என் போனை அணைத்து உள்ளே தண்ணீர்க் குடத்துக்குப் பின்னால் வைக்கச் சொன்னார். அவருடைய போனைக் காணோம், பேருந்து நிலையத்தில் கடலைக்காரியிடம் கொடுத்துவிட்டு வந்திருந்தார்.

“பாய், அந்தப் புள்ள பேர்ல எட்டு சிம்மு இருக்குதா?”

நான் ஷட்டரை இன்னும் ஒரு சாண் இறக்கினேன்.

“நீங்கதான போட்டுக் குடுத்தது? எனக்குத் தெரியுங்க. மேல இருக்கறவங்களுக்குத் தெரியல. அவங்களுக்குத் தெரிஞ்சதெல்லாம், ஒரே பொம்பள, எட்டு போனு. எட்டும் பகலெல்லாம் அணைஞ்சு கெடக்குது. சாயங்காலமானா எட்டும் ஒரே எடத்துல முழிச்சுக்குது. எல்லாம் நக்சலு திரியற கேரளாக் காட்டுக்குப் பேசுது. நீங்களா இருந்தா என்ன நெனைப்பீங்க?”

“பாறைங்க அது. அங்கதாங்க சிக்னலு.”

“எழுதி அனுப்பிச்சுட்டனுங்க. ஒன்னுக்கு ரெண்டு தடவ. என்ன பதில் வந்துச்சு தெரியுங்களா? ஏட்டு உள்ளூர் ஆளுங்களோட ரொம்ப ஒட்டிப் போயிட்டாரு, அவரு ரிப்போர்ட்ட நம்ப வேண்டாம்னு. இப்ப எம் போனையும் கேக்கறாங்க.” ஸ்டூலை மேசைக்குக் கிட்டே இழுத்துப் போட்டார். “ஒரு கடுதாசி எழுதிக் குடுங்க பாய். எட்டு சிம்மையும் நாந்தான் அவங்க அட்டைல போட்டேன், எட்டு பொம்பளைங்களுக்கு எட்டு போனு, அவ்வளவுதான்னு. கடைக்காரரே சொன்னா நம்புவாங்க.”

“நாளைக்குத் தர்றனுங்க” என்றேன்.

நாளைக்குத் தரவில்லை. அடுத்த சந்தைக்கும் தரவில்லை. உண்மையைச் சொன்னால் எழுத உட்கார்ந்தேன், பெறுநர் என்று எழுதினேன், நின்றுவிட்டேன். ஓர் அட்டையில் எட்டுப் பேருக்கு சிம் கொடுத்தது என் தவறு. அதை என் கையாலேயே எழுதி, என் பெயரோடு, என் தெருப் பெயரோடு ஒரு கோப்புக்குள் அனுப்புவதா? இது வலையாக இருந்தால்? அவளைச் சாக்கு வைத்து என்னைப் பிடிக்கத்தான் இவரை அனுப்பியிருக்கிறார்கள் என்றால்? தண்ணீர்க் குடமும் பாதி ஷட்டரும் ஒரு நாடகத்துக்குத் தேவையான பொருள்கள் மாதிரியே எனக்குத் தெரிந்தன. அவர் இரண்டு முறை கேட்டார். மூன்றாம் முறை கேட்கவில்லை.

சந்தைக்கு மரவள்ளி கொண்டு வந்த அக்காவை ஒரு ஜீப் ஏற்றிக்கொண்டு போயிற்று. விசாரணைக்கு என்றார்கள். எந்த ஸ்டேஷன் என்று சொல்லவில்லை. கொட்டிய மரவள்ளி குவியலாகச் சந்தையில் கிடந்தது, யாரும் தொடவில்லை. குழுப் பெண்கள் ஏழு பேரும் செம்மேட்டு ஸ்டேஷனில் கேட்டார்கள், நாமக்கல் போய்க் கேட்டார்கள். எங்களுக்குத் தெரியாது, நாங்கள் எடுக்கவில்லை என்று எல்லா இடத்திலும் ஒரே பதில். ஒரு வக்கீலைப் பிடித்தார்கள். எடுத்தது போலீஸ்தான் என்பதற்கு ஒரு துண்டுக் காகிதமாவது இருந்தால்தான் கோர்ட்டில் நிற்க முடியும் என்றாராம் அவர். இரண்டு நாள் ஆயிற்று. அவளுடைய மகன் கேரளத்திலிருந்து வந்து என் கடை வாசலில் நின்று போனை வெறித்தான். எந்த எண்ணை அழைத்தாலும் அணைக்கப்பட்டிருக்கிறது என்றே வந்தது.

அந்த இரண்டாம் நாள் மத்தியானம் ஏட்டையா வந்தார். சந்தை நாள் இல்லை. மழை. குடையை மடக்காமல் கடைக்குள் வைத்தார். சட்டைக்குள்ளிருந்து இரண்டு தாள்களை எடுத்து, அவரே மெஷின் மூடியைத் தூக்கி, முதல் தாளைக் கவிழ்த்து வைத்தார்.

“ஒரு காப்பி போடுங்க பாய்.”

தாளைப் படிப்பதில்லை என்பது ஜெராக்ஸ் கடைக்காரர்கள் எல்லோரும் சொல்லும் பொய். நகல் வெளியே வரும்போதே கண் மேய்ந்துவிடும். ரகசியம் என்று முத்திரை. அக்காவின் பெயர், வீட்டுக்காரர் பெயர். எட்டு எண்கள். மேற்படி எண்கள் மாலை வேளைகளில் ஓரிடத்தில் கூடுகின்றன. பேசியவற்றில் ஒரு வரி: ‘மூணு மூட்டை காஞ்சிருச்சு, வண்டி பாத்து அனுப்பு’. பக்கத்தில் அடைப்புக்குறிக்குள்: குறிச்சொல்லாக இருக்கலாம். அது மிளகு. அந்த வருடத்து மிளகு. இரண்டாம் தாளின் அடியில், சம்பந்தப்பட்டவரை இன்ன தேதியில் சந்தையில் வைத்து எடுத்து, இன்ன இடத்தில் வைத்து விசாரிக்கலாம் என்று உத்தரவு. பாறையில் அவர்கள் ஒருத்திக்கொருத்தி முதுகைத் திருப்பிக்கொண்டு காத்த பேச்சை யாரோ ஓர் அறையில் உட்கார்ந்து கேட்டு டைப் அடித்திருக்கிறார்கள் என்று நினைத்தபோது எனக்குக் காது கூசியது.

நகலை அவரிடம் நீட்டினேன். அவர் வாங்கவில்லை. மெஷினின் சின்னத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அதில் 2 என்று இருந்தது. தட்டில் இன்னொரு தாள் வந்து படுத்திருந்தது. விரல் தன்னால் அமுக்கியிருக்கிறது. இரண்டு தாளுக்கும் அப்படியே.

“பழக்கம்” என்றார். சிரித்தாரா என்று இன்றைக்கும் சொல்ல முடியவில்லை. “கிழிச்சுப் போட்டுருங்க பாய்.” தன் நகலைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு மழையில் இறங்கிப் போனார்.

நான் கிழிக்கவில்லை. மறந்தேன் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான், ஆனால் மறக்கவில்லை. நாளைக்கே அவர் தட்டிக்கழித்து, இந்தப் பாய்தான் திருடினான் என்று கைகாட்டினால் என் கையில் ஏதாவது இருக்கட்டும் என்று நினைத்தேன். அவருடைய பெட்டியிலேயே, மனுக்களுக்கெல்லாம் அடியில் வைத்தேன். போலீசுக்காக வைத்த பெட்டியை எந்தப் போலீஸ் சோதனை போடும் என்று அவ்வளவு கெட்டிக்காரத்தனமாக யோசித்திருந்தேன்.

ஏட்டையா எடுத்துப் போன நகல் வக்கீல் கைக்குப் போயிற்று, அவர் அதைக் கோர்ட்டில் வைத்தார். மூன்றாம் நாள் அக்காவைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள், அன்றே விட்டுவிட்டார்கள். பேருந்தில் மலையேறி வந்தாள். அன்று அவள் குரல் முன்னால் வரவில்லை. அவளோடு சேர்த்து எடுத்துப் போன எட்டு போன்களும் திரும்பி வரவில்லை. நாலைந்து நாள் கழித்து டீக்கடையில் ஒருவர் பேப்பரை விரித்தார். அந்த ரகசியக் குறிப்பைப் படமெடுத்துப் போட்டிருந்தார்கள், கால் பக்க அளவுக்கு. எட்டு எண்களைக் கறுப்பால் மறைத்திருந்தார்கள். இடது ஓரத்தில் மயிரிழையாக ஒரு கோடு இறங்கி, முடிவில் திரும்பியிருந்தது. அதை அவர்கள் மறைக்கவில்லை. பேப்பர்க்காரருக்கு அது முடிதான். டீ க்ளாஸை வைத்துவிட்டு எழுந்தேன்.

இரண்டு அதிகாரிகள் வந்தார்கள். பெரியவர் ரொம்ப மரியாதை. சின்னவர் கையில் ஒரு வெள்ளைத் தாள்.

“பாய், இதை வெச்சு ஒரு காப்பி போடுங்க.”

“வெள்ளைத் தாளுக்குங்களா சார்?”

“வெள்ளையாத்தான் வருதான்னு பாக்கணும்.”

வந்தது. அதைப் பேப்பர் படத்தின் மேல் வைத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்தார்கள். கோட்டின் மேல் கோடு உட்கார்ந்தது. ஒரு நாளைக்கு நூறு பேர் வருகிறார்கள் சார், தாளையெல்லாம் நான் படிப்பதில்லை என்றேன். உண்மைதானே என்றார் பெரியவர். சின்னவர் மேசைக்கடியில் குனிந்து பெட்டியை இழுத்து, ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். மனு, மனு, மனு. அடியில் அந்த இரண்டு தாள்.

“இந்தப் பெட்டி யாருக்கு?” என்று கேட்டார் பெரியவர்.

அவர்கள் கேட்டது அவ்வளவுதான். யார் கொண்டுவந்தது என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் தெரியாது என்று சொல்லத் தயாராக இருந்தேன். பெட்டி யாருக்கு என்றதும் எனக்குக் கால் ஊன்ற இடம் கிடைத்த மாதிரி இருந்தது. இது அரசாங்கம் சொல்லி வைத்த பெட்டி. இதில் என் குற்றம் ஒன்றுமில்லை. “உங்க ஏட்டையாவுக்குத்தாங்க சார். அவருதான் எல்லாத்துலயும் ஒன்னு கூடப் போடச் சொன்னாரு. ரெண்டு வருசமாப் போடறனுங்க” என்றேன், அவர்களுடைய ஆள் நான் என்று காட்டுகிற ஆசையோடு.

பெரியவர் பேனாவை மூடினார். எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார். அவர்கள் போன பிறகு நெஞ்சு லேசாகி, நல்ல பசி எடுத்தது. அந்தப் பசியை மட்டும் என்னால் மன்னிக்க முடிவதில்லை.

ஏட்டையாவை இடைநீக்கம் செய்தார்கள். நாலு மாதம் கழித்து ஒரு சந்தை நாளில் வந்தார். வேட்டி, அதே மஞ்சள் பை. நரைத்த தாடி. டீக்கடைக்காரர் இந்த முறை சத்தம் போடாமல் க்ளாஸைக் கொண்டுவந்து வைத்தார். ஏட்டையா பையிலிருந்து ஒரு தாளை எடுத்து மேசையில் வைத்தார். இடைநீக்க உத்தரவு. மேல்முறையீட்டுக்கு நகல் வேண்டும்.

“ஏட்டையா, நான்...”

“நீங்க பொய் சொல்லலீங்களே பாய். கேட்டாங்க, சொன்னீங்க. நானும் இத்தன வருசம் அதத்தான பண்ணுனேன்.” டீயை ஊதினார். “ரெண்டு போடுங்க. ஒன்னு எனக்கு. ஒன்னு உங்க பெட்டிக்கு.”

போட்டேன். ஒன்றை மடித்து எடுத்துக்கொண்டார். மற்றதை மேசையிலேயே விட்டுவிட்டுப் போனார். இழுப்பறையில் இருக்கிற தாள் அதுதான். குத்திக்காட்டினாரா, மன்னித்தாரா, இல்லை தன் பக்கத்துக்கும் ஒரு சாட்சி எங்காவது இருக்கட்டும் என்று நான் செய்ததையே அவரும் செய்தாரா, எத்தனை முறை எடுத்துப் பார்த்தாலும் தாள் சொல்வதில்லை. அதற்குப் பிறகு அவர் மலைக்கு வரவில்லை. டீக்கடையில் அவரைப் பற்றிப் பேச்சு மட்டும் வந்துகொண்டிருந்தது. அவருக்கு வேலை திரும்பக் கிடைத்துவிட்டது, எல்லாம் நாடகம், யார் யார் அந்தப் பொம்பளைக்காகக் கோர்ட்டுக்கு வருகிறார்கள் என்று பார்க்கத்தான் அவரை விட்டே காகிதத்தைக் கசியவிட்டார்கள் என்றார் ஒருவர். ஏட்டையாவை நேரில் பார்த்து, அவர் சொன்ன திருத்தத்தோடு மனு எழுதியவர்தான் இப்படிச் சொன்னார். எனக்குக் கோபம் வந்தது. பேருந்தில் இறங்கி வரும்போது, ஐம்பதாவது வளைவு தாண்டியதும், அது உண்மையாக இருந்தால் என் பாரம் குறையுமே என்று தோன்றிற்று. அந்த நினைப்பை அங்கேயே தள்ளிவிட்டுவிட்டு இறங்கினேன் என்று சொல்ல முடியாது. இன்னும் கூடவேதான் வருகிறது.

இப்போது கடையில் புது மெஷின். பழைய கண்ணாடியைக் கழற்றி வீட்டுப் பரணில் வைத்திருக்கிறேன். நாற்சந்தியில் கம்பத்தில் நாலு கேமரா, பெண்களின் பாதுகாப்புக்கு என்று பலகை. அதில் ஒன்று என் கடையைப் பார்க்கிறது. வாழவந்தி நாட்டுக்கும் டவர் வந்துவிட்டது. வீட்டுக்குள் உட்கார்ந்தே பேசலாம், பாறைக்கு யாரும் போவதில்லை. சிவப்புக் கற்கள் அப்படியேதான் நிற்கின்றன, பெயிண்ட் மட்டும் போய்விட்டது. ஒவ்வொரு நகலும் போட்டு முடித்ததும் மெஷின் மூடியைத் தூக்கி, வெறுங்கண்ணாடியையும் வெறுந்தட்டையும் வாடிக்கையாளருக்குக் காட்டுவது என் வழக்கமாகிவிட்டது. யாரும் கேட்பதில்லை. வெளியூர்க்காரர்கள் விநோதமாகப் பார்ப்பார்கள். பெட்டிச் சங்கதி தெரிந்த உள்ளூர்க்காரர்கள் பார்த்துவிட்டுத்தான் போவார்கள்.

ஏட்டையா அன்று கேட்ட கடுதாசியை இப்போதுதான் எழுதுகிறேன். எட்டு சிம்மையும் அக்காவின் அட்டையில் போட்டது நான். எட்டுப் பெண்களுக்கு எட்டு போன். அவ்வளவுதான். பெறுநர் இடத்தில் யாரைப் போடுவது என்று தெரியாமல் அதை மட்டும் காலியாக விட்டிருக்கிறேன். அவர் பார்த்தால் திருத்தச் சொல்வார்.

போன வாரம் அக்கா வந்தாள். தலை முழுக்க நரைத்துவிட்டது. போன் வைத்திருக்கிறாள், ஆனால் கடைக்குள் வரும் முன் அதை வெளியே மரவள்ளி மூட்டை மேல் வைத்துவிட்டு வருவாள். ஏதோ உதவித்தொகைக்கு ஆதார் நகல் வேண்டும் என்றாள். போட்டுக் கொடுத்தேன். போகாமல் நின்றாள்.

“அந்த மனுசம் பேரு இருக்கற தாளு உங்கட்ட இருக்குதாமே பாயி? எனக்கொன்னு குடு. அவரு பேரு கூட எனக்குத் தெரியாதே. ஏட்டையா ஏட்டையான்னே கூப்பிட்டுட்டோம்.”

இழுப்பறையைத் திறந்து எடுத்தேன். புது மெஷினின் கண்ணாடியில் ஒரு தூசு கிடையாது. தாளைக் கவிழ்த்து வைத்து, ஒற்றை விரலால், எண்ணிப் பார்த்து, ஒன்று அமுக்கினேன். நகல் சூடாக வந்தது. அவள் அதை வெளிச்சத்துக்குப் பிடித்து, இடது ஓரத்தைக் கிட்டக் கொண்டுபோய், உதட்டைக் குவித்து ஊதினாள். போகவில்லை. இன்னொரு முறை ஊதினாள்.

“என்ன இது, மசுராட்டம்?”

“பழைய கீறலுங்கக்கா. அதுல ஏறிருச்சு. போகாது.”

அவள் ரேஷன் அட்டையின் துருப்பிடித்த பின் இழுத்த கோடு என்று சொல்லவில்லை. நாலாக மடித்து மடியில் செருகிக்கொண்டாள். நான் மூடியைத் தூக்கிக் காட்டினேன். கண்ணாடியைப் பார்த்தாள். தட்டைப் பார்த்தாள். பிறகு மேசையில் ஒரு கையை ஊன்றி, முழங்கால் வலிக்க மெல்லக் குனிந்து, மேசைக்கடியில் பார்த்தாள். நான் நகர்ந்து நின்று, வெளிச்சம் விழ இடம் விட்டேன்.